ஓடிக்கொண்டிருக்கும் கேவிஎம் மெஷினில் ஐந்து ஸ்னாப்ஷாட் அடுக்குகள்: நிறுத்தாமல் ஒன்றாக்குவது எப்படி?

கேள்வி: நள்ளிரவு_கிரான்

வணக்கம் நண்பர்களே. ஹோஸ்ட் (விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள், ஓடும் மெஷின்) உபுண்டு 22.04, விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் 8.0, அவற்றை ஓட்டும் கெமு 6.2. திரை கிடையாது, எல்லா வேலையும் எஸ்எஸ்எச் வழியே விர்ஷ் என்ற லிப்விர்ட் கட்டளைக் கருவியில்தான். மூன்று விஎம் ஓடுகின்றன. பிரச்சினை 'ஈஆர்பி' என்ற விஎம்மில். உள்ளே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருக்கிறது. ஒரே டிஸ்க், பெயர் விடிஏ, மெய்நிகர் அளவு 200 ஜிபி.

இரவு பேக்கப்புக்கு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது செய்வது இரண்டே வேலை, ஸ்னாப்ஷாட் எடுப்பதும் டிஸ்க் ஃபைலை நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுப்பதும்:

விர்ஷ் ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ் ஈஆர்பி இரவு1 --டிஸ்க்-ஒன்லி --அட்டாமிக்
சிபி ஈஆர்பி.கியூகவ்2 /எம்என்டி/நாஸ்/இரவு1/

அடுத்த இரவு இரவு2, அதற்கடுத்து இரவு3. அவ்வளவுதான், அடுக்குகளைத் திரும்பச் சேர்க்கும் வரியே அதில் இல்லை. இப்போது இமேஜஸ் ஃபோல்டரில் ஈஆர்பி.கியூகவ்2 180 ஜிபி, மேலே ஐந்து ஃபைல்கள்: 11, 14, 9, 22, 31 ஜிபி. பார்ட்டிஷனில் மிச்சம் 28 ஜிபி.

ஸ்னாப்ஷாட்-டெலீட் கொடுத்தால், வெளி டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை நீக்கும் வசதி இன்னும் இல்லை என்று பிழை வருகிறது. விஎம்மைக் காலை 8 முதல் இரவு 9 வரை நிறுத்த முடியாது.

1. ஓடும்போதே ஐந்தையும் ஒன்றாக்க முடியுமா?
2. எந்த ஃபைலை அழிக்கலாம்?
3. கெமு-இமேஜ் கமிட் என்ற கட்டளையைப் பல இடத்தில் சொல்கிறார்கள், அது சரியா?

(கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். இடைவெளியும் கோடுகளும் அப்படியே.)

---

பதில்: ஒற்றைக்கோடு

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. விஎம் ஓடும்போது அதன் டிஸ்க் ஃபைல்களைத் திறந்து வைத்திருப்பது கெமு. எந்த பிளாக் எந்த அடுக்கில் இருக்கிறது என்ற அட்டவணை அதன் நினைவகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொரு புரோசஸ் அதே ஃபைலில் எழுதினால் இரண்டின் கணக்கும் பொருந்தாமல் போய் டிஸ்க் கெடும். கெமு 2.10 முதல் ஃபைலுக்குப் பூட்டு இருப்பதால், 'ரைட் லாக் கிடைக்கவில்லை, வேறு புரோசஸ் பயன்படுத்துகிறதா' என்று மறுத்துவிடும். அந்தப் பூட்டைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள். ஓடும் விஎம்மின் டிஸ்க்கில் எது செய்தாலும் விர்ஷ் வழியாக மட்டுமே செய்யுங்கள்.

இரண்டாவது கேள்வி: இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். ஐந்தும் உயிருள்ள அடுக்குகள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழிருப்பதன் மேல் விரித்த டிரேசிங் தாள் மாதிரி, மாறிய பிளாக் மட்டுமே அதில் இருக்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் மேலே உள்ள எல்லாமே பொருளற்றுப் போகும். ஸ்னாப்ஷாட் என்ற பெயரைப் பார்த்து 'பழையதுதானே' என்று ஆர்எம் (அழிக்கும் கட்டளை) கொடுப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் விபத்து. உண்மையில் பழைய நிலை இருப்பது ஈஆர்பி.கியூகவ்2-இல். இன்று மாலை போட்ட பில் இருப்பது இரவு5-இல்.

முதலில் நிலவரத்தைப் பாருங்கள்:

விர்ஷ் டொம்பிஎல்கேலிஸ்ட் ஈஆர்பி --டீடெய்ல்ஸ்
கெமு-இமேஜ் இன்ஃபோ -யு --பேக்கிங்-செயின் இரவு5-ஃபைல்

முதல் கட்டளை விடிஏ இப்போது எந்த ஃபைலில் எழுதுகிறது என்று சொல்லும். இரண்டாவது முழுச் சங்கிலியையும் காட்டும். -யு (பெரிய எழுத்து) இல்லாவிட்டால் பூட்டு காரணமாக இன்ஃபோகூட வராது. தகவல் படிக்க மட்டுமே அது. சங்கிலியில் ஆறு ஃபைல்களும் வரிசையாக வந்தால் எதுவும் உடையவில்லை என்று அர்த்தம்.

சேர்ப்பதற்கான கட்டளை பிளாக்கமிட். உங்களிடம் இடம் குறைவாக இருப்பதால் அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்:

விர்ஷ் பிளாக்கமிட் ஈஆர்பி விடிஏ --பேஸ் /…/ஈஆர்பி.கியூகவ்2 --டாப் /…/ஈஆர்பி.இரவு1 --வெயிட் --வெர்போஸ்

முடிந்ததும் இரவு2-இன் தலைப்பில் உள்ள அடி ஃபைல் பெயர் தானாகவே ஈஆர்பி.கியூகவ்2 என்று மாறிவிடும். இன்ஃபோ கொடுத்துச் சங்கிலியில் இரவு1 இல்லை என்று பார்த்த பிறகு, அந்த ஒரு ஃபைலை மட்டும் அழியுங்கள். பிறகு இரவு2. பாதையை முழுதாக, சங்கிலியில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுக்க வேண்டும். சிம்லிங்க் வழியாக வேறு பாதை கொடுத்தால் 'சங்கிலியில் இல்லை' என்று மறுக்கும்.

கடைசி அடுக்கு மட்டும் வேறு. அதில் விஎம் எழுதிக்கொண்டே இருக்கிறது, ஆகவே ஆக்டிவ் கமிட்:

விர்ஷ் பிளாக்கமிட் ஈஆர்பி விடிஏ --ஆக்டிவ் --பிவட் --வெயிட் --வெர்போஸ்

முதலில் இருப்பதை எல்லாம் அடியில் எழுதும். அதன் பிறகு விஎம் புதிதாக எழுதும் தரவை இரண்டு ஃபைலுக்கும் சேர்த்து அனுப்பும். இரண்டும் சமமானதும் பிவட், அதாவது விஎம்மை அடி ஃபைலுக்கு மாற்றுவது. டிஸ்க்கில் எழுதுவது குறைவான நேரத்தில், இரவு 9-க்குப் பிறகு செய்யுங்கள். டேட்டாபேஸ் எழுதித் தள்ளும் நேரத்தில் செய்தால் முடியவே வெகு நேரமாகும்.

ஸ்கிரிப்ட் மெட்டாடேட்டாவோடு ஸ்னாப்ஷாட் எடுத்திருப்பதால், எல்லாம் முடிந்த பின்னும் ஸ்னாப்ஷாட்-லிஸ்டில் ஐந்து பெயரும் நிற்கும். அவற்றை 'ஸ்னாப்ஷாட்-டெலீட் ஈஆர்பி இரவு1 --மெட்டாடேட்டா' என்று ஒவ்வொன்றாக நீக்குங்கள். இது டிஸ்க்கைத் தொடாது. வெளி ஸ்னாப்ஷாட்டை நேரடியாக நீக்கும் வசதி லிப்விர்ட் 9.0-இல்தான் வந்தது, அதனால்தான் உங்களுக்கு அந்தப் பிழை.

---

பதில்: கரிசல்_சர்வர்

மேலே சொன்ன முறை சரி. ஆனால் அதைத் தொடங்கும் முன் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

முதல் இரவு ஸ்னாப்ஷாட் எடுத்த அந்தக் கணத்திலேயே ஈஆர்பி.கியூகவ்2 உறைந்துவிட்டது. அதன் பிறகு விஎம் எழுதியதெல்லாம் இரவு1-க்கும் அதற்கு மேலும்தான் போயிருக்கிறது. ஆனால் சிபி ஒவ்வொரு இரவும் நகலெடுத்தது அதே உறைந்த ஃபைலை. நாஸில் உள்ள ஐந்து நகல்களுக்கும் எஸ்எச்ஏ256சம் (ஃபைலின் சரிபார்ப்பு எண்ணைத் தரும் கட்டளை) போட்டுப் பாருங்கள், ஒரே எண்ணாகத்தான் வரும். அதாவது உங்களிடம் இருப்பது முதல் இரவின் பேக்கப் ஒன்று மட்டுமே. அதற்குப் பிறகு நடந்த வேலைக்கு இந்த ஹோஸ்டைத் தவிர வேறெங்கும் பிரதி இல்லை.

எனவே சேர்க்கும் முன் உண்மையான பேக்கப் ஒன்று எடுங்கள். முதலில் விஎம்முக்குள் போய் பிஜி_டம்ப் (டேட்டாபேஸைத் தனி ஃபைலாக எழுதும் போஸ்ட்கிரெஸ் கருவி). டிஸ்க் என்ன ஆனாலும் டேட்டாபேஸ் கையில் இருக்கும். பிறகு ஹோஸ்டில் இன்னும் ஒரே ஒரு ஸ்னாப்ஷாட்:

விர்ஷ் ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ் ஈஆர்பி இரவு6 --டிஸ்க்-ஒன்லி --அட்டாமிக் --நோ-மெட்டாடேட்டா

இப்போது இரவு5-உம் உறைந்துவிட்டது, அதைப் பயமில்லாமல் படிக்கலாம்:

கெமு-இமேஜ் கன்வெர்ட் -ஓ கியூகவ்2 /…/ஈஆர்பி.இரவு5 /எம்என்டி/நாஸ்/ஈஆர்பி-முழு.கியூகவ்2

(-ஓ பெரிய எழுத்து.) கன்வெர்ட் சங்கிலி முழுவதையும் படித்து, எதையும் சாராத ஒரே ஃபைலாக எழுதிவிடும். ஃபைல்களைத் தனித்தனியாக நகலெடுத்தால் ஒவ்வொன்றின் தலைப்பிலும் பழைய பாதை எழுதியிருக்கும். வேறு மெஷினில் திறக்க கெமு-இமேஜ் ரீபேஸ் -யு (சின்ன எழுத்து) கொடுத்துப் பாதையைத் திருத்த வேண்டிவரும். அந்தத் தொல்லையே வேண்டாம். எழுதி முடித்ததும் அந்த ஃபைலுக்கு கெமு-இமேஜ் செக் கொடுங்கள்.

இடம் பற்றி ஒரு திருத்தம். 87 ஜிபியைச் சேர்க்க 87 ஜிபி வேண்டும் என்று பயப்பட வேண்டாம். அடி ஃபைல் அதன் மெய்நிகர் அளவைத் தாண்டி வளராது. 200-இல் 180 ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று, ஆக அதிகபட்சம் இன்னும் 20 ஜிபியும் கொஞ்சம் அட்டவணையும்தான். அடுக்குகளில் உள்ள பிளாக்குகளில் பெரும்பகுதி அடியில் ஏற்கெனவே இருக்கும் இடத்தின் மேலேயே எழுதப்படும். உங்கள் 28 ஜிபிக்குள் எல்லாம் ஒரே பிளாக்கமிட்டில் முடிந்துவிடும். பேஸ் கொடுக்காவிட்டால் சங்கிலியின் அடி வரைக்கும் சேர்ப்பதுதான் இயல்பு.

ஆனாலும் அந்த 28-ஐ மற்ற இரண்டு விஎம்களும் தின்னலாம். பேக்கப் முடியும் வரை வேறு எந்த ஸ்கிரிப்டும் ஓடாமல் நிறுத்தி வையுங்கள். பார்ட்டிஷன் நிரம்பினால் விஎம் கெடாது, நின்றுவிடும். டொம்ஸ்டேட் --ரீசன் கொடுத்தால் 'பாஸ்ட், ஐ/ஓ எரர்' என்று காட்டும். அப்போது டெஸ்ட்ராய், ரீபூட் எதையும் தொடாமல், இடத்தை விடுவித்துவிட்டு விர்ஷ் ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

---

நள்ளிரவு_கிரான்

மிக்க நன்றி. ஐந்து நகலுக்கும் ஒரே எஸ்எச்ஏ எண்தான். பிஜி_டம்ப், கன்வெர்ட், செக் மூன்றும் முடிந்தன.

பிறகு --ஆக்டிவ் --பிவட் கொடுத்தேன். 97 சதவீதத்தில் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தது. திரும்ப உள்ளே வந்து டொம்பிஎல்கேலிஸ்ட் பார்த்தால் இன்னும் இரவு6-தான் காட்டுகிறது. மறுபடி பிளாக்கமிட் கொடுத்தால் ஏற்கெனவே ஒரு ஜாப் இருப்பதாகச் சொல்கிறது. விஎம் ஒழுங்காக ஓடுகிறது. அடுத்து என்ன?

---

பதில்: ஒற்றைக்கோடு

பயப்பட ஒன்றுமில்லை. காத்திருப்பதும் சதவீதம் காட்டுவதும் கடைசியில் பிவட் கொடுப்பதும் உங்கள் டெர்மினலில் ஓடிய விர்ஷின் வேலை. அதுதான் செத்தது. நகல் வேலை கெமுவுக்குள் நடக்கிறது, அது தொடர்கிறது.

விர்ஷ் பிளாக்ஜாப் ஈஆர்பி விடிஏ --இன்ஃபோ

100 சதவீதம் என்று வரும்வரை பொறுங்கள். பிறகு:

விர்ஷ் பிளாக்ஜாப் ஈஆர்பி விடிஏ --பிவட்

100 ஆகும் முன் கொடுத்தால் இன்னும் தயாராகவில்லை என்று மறுக்கும், கேடு ஒன்றும் இல்லை. --அபார்ட் கொடுத்தால் மட்டும் ஜாப் ரத்தாகி விஎம் இரவு6-இலேயே தொடரும். அப்போதும் தரவு போகாது, முதலிலிருந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். கவனம்: --வெயிட்டோடு ஓடும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் அது ஜாபையே ரத்து செய்யும். இணைப்பு அறுவதும் கன்ட்ரோல்-சியும் ஒன்றல்ல. அடுத்த முறை, இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள்.

பிவட் ஆனதும் இரண்டு இடத்தில் பாருங்கள். டொம்பிஎல்கேலிஸ்ட் ஒரு முறை, டொம்பிஎல்கேலிஸ்ட் --இன்ஆக்டிவ் ஒரு முறை. முதலாவது இப்போது ஓடுவது, இரண்டாவது அடுத்த முறை அணைத்துப் போடும்போது எந்த ஃபைலிலிருந்து எழும் என்பது. இரண்டுமே ஈஆர்பி.கியூகவ்2 என்று சொன்னால் மட்டும் இரவு1 முதல் இரவு6 வரை அழியுங்கள். இன்ஆக்டிவ் மட்டும் பழைய பெயரைக் காட்டினால் விர்ஷ் எடிட்டில் திருத்த வேண்டும். இல்லையென்றால் இன்று நன்றாக ஓடி, என்றோ மின்வெட்டில் ஹோஸ்ட் அணைந்து எழும்போது ஃபைல் இல்லை என்று விஎம் நின்றுவிடும்.

ஸ்கிரிப்டைத் திருத்தும்போது நான் கட்டாயம் என்று நினைப்பவை:

தொடக்கத்திலேயே டொம்பிஎல்கேலிஸ்ட் காட்டும் பெயர் ஈஆர்பி.கியூகவ்2-தானா என்று சோதித்து, இல்லையென்றால் எதுவும் செய்யாமல் வெளியேறி மெயில் அனுப்ப வேண்டும். இந்த ஒரு சோதனை இருந்திருந்தால் இரண்டாவது இரவிலேயே விஷயம் தெரிந்திருக்கும். ஸ்னாப்ஷாட்டுக்கு --நோ-மெட்டாடேட்டா, கூடவே --டிஸ்க்ஸ்பெக் மூலம் ஓவர்லே (மேலடுக்கு) ஃபைலின் பெயரை நீங்களே கொடுங்கள். நகலெடுப்பது தோற்றாலும் பிளாக்கமிட் நடந்தே ஆக வேண்டும், எனவே சிபி தோற்றதும் ஸ்கிரிப்ட் அங்கேயே வெளியேறும்படி எழுதாதீர்கள். பிழையைக் குறித்துக்கொண்டு பிவட் வரைக்கும் போய், கடைசியில் பிழைக் குறியோடு முடியட்டும். ஓவர்லேயை அழிக்கும் ஆர்எம் வரி, பெயர் மறுபடி சரிபார்த்த பிறகு மட்டும்.

விஎம்முக்குள் கெமு-கெஸ்ட்-ஏஜென்ட் (உள்ளிருந்து ஹோஸ்டோடு பேசும் சிறு நிரல்) நிறுவியிருந்தால் --குயெஸ் சேருங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணத்தில் ஃபைல்சிஸ்டத்தை உறைய வைத்து, உடனே விடும். ஏஜென்ட் பேசுகிறதா என்று பார்க்க 'விர்ஷ் டொம்எஃப்எஸ்இன்ஃபோ ஈஆர்பி' போதும். மவுண்ட் பட்டியல் வந்தால் சரி. ஏஜென்ட் இல்லாமல் --குயெஸ் கொடுத்தால் ஸ்னாப்ஷாட்டே எடுக்காது. குயெஸ் இல்லாத நகல் திடீரென்று மின்சாரம் போன டிஸ்க் போன்ற நிலையில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் வால் லாகை (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) படித்து எழுந்துவிடும். எழுந்துவிடும் என்பதை நம்பி பிஜி_டம்ப்பை விட்டுவிட வேண்டாம்.

---

நள்ளிரவு_கிரான்

பிவட் ஆயிற்று, இரண்டு இடத்திலும் சரியான பெயர், ஃபைல்களை அழித்துவிட்டேன். பார்ட்டிஷனில் இப்போது 100 ஜிபிக்கு மேல் காலி.

புது ஸ்கிரிப்ட் கையால் ஓட்டினால் வேலை செய்கிறது. அதே யூசரின் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டால் 'ஈஆர்பி என்ற டொமைன் இல்லை' என்கிறது. யூசர் லிப்விர்ட் குரூப்பில் இருக்கிறார்.

---

பதில்: கரிசல்_சர்வர்

விர்ஷ் இரண்டு வெவ்வேறு இடத்தோடு பேசும். கெமு:///சிஸ்டம் என்பது ஹோஸ்ட் முழுவதற்குமானது, உங்கள் விஎம்கள் இருப்பது அதில். கெமு:///செஷன் அந்த யூசருக்கு மட்டுமானது, அது காலி. ரூட் இல்லாத யூசருக்கு இயல்பாகக் கிடைப்பது செஷன். உபுண்டுவில் லாகின் செய்யும்போது /ஈடிசி/ப்ரொஃபைல்.டி-யில் உள்ள ஒரு ஃபைல், லிப்விர்ட் குரூப்பில் இருப்பவர்களுக்கு லிப்விர்ட்_டிஃபால்ட்_யூஆர்ஐ என்ற மாறியைச் சிஸ்டம் என்று வைத்துவிடுகிறது. கிரான் அந்த ஃபைலைப் படிப்பதில்லை. அதனால்தான் கையில் ஓடுவது கிரானில் ஓடவில்லை.

ஸ்கிரிப்டில் ஒவ்வொரு விர்ஷுக்கும் -சி கெமு:///சிஸ்டம் என்று கொடுத்துவிடுங்கள். வேறு மெஷினிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தால் அதே இடத்தில் கெமு+எஸ்எஸ்எச்://யூசர்@ஹோஸ்ட்/சிஸ்டம். விர்ஷ் வெளியீட்டிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கிறீர்கள் என்றால் எல்சி_ஆல்=சி என்பதையும் மேலே வையுங்கள், மொழி அமைப்பு மாறினால் சொற்களும் மாறும்.

இரண்டு விஷயம் இன்னும் விடுபட்டிருக்கிறது.

ஒன்று, டிஸ்க் மட்டும் போதாது. 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் --இன்ஆக்டிவ் --செக்யூரிட்டி-இன்ஃபோ ஈஆர்பி' வெளியீட்டையும் ஒவ்வொரு இரவும் நாஸில் எழுதுங்கள். விஎம் யூஇஎஃப்ஐ என்ற பூட் முறையில் எழுவதாக இருந்தால் /வார்/லிப்/லிப்விர்ட்/கெமு/என்விராம் ஃபோல்டரில் உள்ள அதன் பூட் அமைப்பு ஃபைலும் வேண்டும். பிறகு ஒரு நாள் பகலில் திரும்ப எழுப்பிப் பாருங்கள். நகலின் எக்ஸ்எம்எல்லில் பெயரை மாற்றுங்கள், யூயூஐடி வரியையும் மேக் முகவரி வரியையும் நீக்குங்கள், டிஸ்க் பாதையையும் என்விராம் பாதையையும் நகலுக்குத் திருப்புங்கள். நெட்வொர்க் பகுதியில் லிங்க் நிலையை டவுன் என்று வையுங்கள். அதை விட்டால் இரண்டாவது ஈஆர்பி அதே ஐபியோடு எழுந்து, கிரான் வேலைகளையும் மெயில்களையும் உண்மையான ஈஆர்பி போலவே அனுப்பத் தொடங்கும். பிறகு விர்ஷ் டிஃபைன், ஸ்டார்ட், கன்சோல். கன்சோலில் எதுவும் வராவிட்டால் விஎம்முக்குள் சீரியல் கெட்டி (கன்சோலில் லாகின் கேட்கும் நிரல்) டிடிஒய்எஸ்0 என்ற சீரியல் போர்ட்டுக்கு இயக்கப்படவில்லை என்று பொருள். வெளியே வர கன்ட்ரோலும் வலது சதுர அடைப்பும்.

சோதனை முடிந்து அந்த நகலை நீக்கும்போது டெஸ்ட்ராய் என்பது பவரைப் பிடுங்குவது மட்டுமே, எதையும் அழிக்காது. அன்டிஃபைன் தான் பதிவை நீக்கும், யூஇஎஃப்ஐ என்றால் --என்விராம் சேர்த்து. --ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ் டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கும். பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்த பிறகே என்டர்.

இரண்டு, அடி ஃபைல் 180 ஜிபி ஆனது எப்படி என்று பாருங்கள். விஎம்முக்குள் டிஎஃப் கொடுத்தால் இதைவிட மிகக் குறைவாகக் காட்டினால், உள்ளே அழித்த இடம் ஹோஸ்டுக்குத் திரும்பவில்லை. விர்ஷ் எடிட்டில் டிஸ்க்கின் டிரைவர் வரியில் டிஸ்கார்ட்='அன்மேப்' சேர்த்து, விஎம்மை ஒரு முறை முழுதாக அணைத்துப் போடுங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் புது அமைப்பு ஏறாது. பிறகு உள்ளே எஃப்எஸ்டிரிம் -ஏவி (காலியான இடத்தை ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும் கட்டளை). இதைச் சங்கிலியில் ஒரே ஃபைல் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். ஓவர்லே இருக்கும்போது டிரிம் செய்தால் அடி ஃபைல் ஒரு ஜிபிகூடக் குறையாது.